சாமி கும்பிடாதவருக்கு ஒரு கணக்கு நோட்டு

கோயில், சர்ச், பள்ளிவாசல் எதற்கும் போகாதவர், இன்றைய பொழுது ஒழுங்காகப் போனதா என்று தன்னையே கேட்டுக்கொள்ள என்ன வாங்கலாம்? ஆன்லைனில் விற்கும் அலங்கார டைரிகளில் பக்கத்துக்குப் பக்கம் பொன்மொழி இருக்கும். யாருக்கு என்ன தப்பு செய்தோம் என்று எழுதத்தான் இடம் இருக்காது. குன்னூர் கடைவீதியில் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் 80 பக்கக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு இந்த வேலைக்குக் கச்சிதம்.

கட்டம் போட்டு அன்றாடத் தவறுகளைக் குறித்துவைக்கும் இந்த வழி, 18ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கையாண்டது. 13 குணங்களுக்கு 13 வரிசை, கிழமைக்கு ஒன்றாக 7 பத்தி, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தின்மேல் தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நாலு சுற்று. அவர் கடவுளை நம்பியவர்தான். ஆனாலும் எந்தச் சபையின் கொள்கையும் பட்டியலில் நுழையாமல் பார்த்துக்கொண்டார். (முதலில் 12 குணம்தான். உனக்குத் தலைக்கனம் என்று நண்பர் ஒருவர் சொன்ன பிறகே பணிவு சேர்ந்தது.) பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி அவருடைய தாள் ஓட்டையாகிவிட்டது, கடைசியில் தந்தத் தகடுகளுக்கு மாறி, பென்சிலில் குறித்து ஈரப் பஞ்சால் துடைத்தார். நமக்கு அந்தப் பாடு இல்லை. வாரத்துக்கு ஒரு பக்கம் என்றால் வருஷத்துக்கு 52. நோட்டில் மிச்சமே இருக்கும். எதையும் அழிக்காதீர்கள்.

பதின்மூன்றெல்லாம் தாங்காது, ஐந்தாறு போதும். நேர்மை, அன்பு என்று எழுதிவைத்தால் நோட்டு சீக்கிரமே மூலைக்குப் போகும். ராத்திரி உட்கார்ந்து 'நேர்மையாக இருந்தேனா' என்றால் மனசு 'ஆமாம்' என்றுதான் சொல்லும். செயலைக் கேட்க வேண்டும். டாக்சி ஓட்டுபவருக்கு: 'மே சீசனில் வெளியூர்க்காரரிடம் வாடகையைக் கூட்டிக் கேட்டேனா?' தேயிலை விவசாயிக்கு: 'மூட்டையில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றினேனா?' இலை வாங்குபவருக்கு: 'ஈரத்துக்கென்று நியாயத்துக்கு மேல் எடை கழித்தேனா?' வீட்டில்: 'அம்மா கேட்டதற்கு எரிந்து விழுந்தேனா?'

கேள்விகளை உள்ளட்டையில் எண் போட்டு எழுதிவிட்டு, பக்கத்தில் எண்ணை மட்டும் போடுங்கள். கட்டங்கள் மேல்பாதியில் அடங்கிவிடும். கீழ்ப்பாதியை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: யாருக்கு, என்ன, எப்போது சரிசெய்வது. இந்த நோட்டின் உயிரே இந்தக் கீழ்ப்பாதிதான். மன்னிப்புக் கேட்க ஒரு சாமி இல்லாதபோது, கணக்கை நேர்செய்ய மிச்சமிருப்பவர் பாதிக்கப்பட்ட ஆள் மட்டும்தான். கூடுதலாக வாங்கிய 200 ரூபாய் யுபிஐயில் வந்திருந்தால் அதே வழியில் திருப்பி அனுப்பலாம். ரொக்கமாக வாங்கி, ஆளும் மலை இறங்கிவிட்டால் அந்த வரி மூடாமல் கிடக்கும். கிடக்கட்டும். வேறு யாருக்கோ தர்மம் செய்து அதைக் கழிப்பது, சுற்றிவளைத்து உண்டியலுக்கே திரும்புவது.

கீழ்ப்பாதியை நிரப்பாமல் புள்ளி மட்டும் வைத்துக்கொண்டே போனால் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். அதோடு நோட்டைத் தொடவே கை வராது. ஒரே வரிசையில் மூன்று வாரம் புள்ளி விழுந்தால் மனசைத் திட்டுவதை விட்டு நாளின் அமைப்பைப் பாருங்கள். எரிந்து விழுவது எல்லாம் ராத்திரி வண்டி ஓட்டிய மறுநாள் என்றால், மாற்ற வேண்டியது தூங்கும் நேரம். பெயர்களுக்கு முதலெழுத்து போதும். வீட்டில் மற்றவர் கண்ணிலும் படும்.

இனி சரக்கின் குறைகள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் கொட்டும்போது தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஜெல் பேனா மை ஊறி, செவ்வாய்க்கிழமைப் புள்ளி புதன்கிழமையையும் பிடித்துக்கொள்ளும். எச்பி பென்சில்தான் சரி. பின் அடித்த நோட்டில் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்று வரும். நூல் தைத்ததாகக் கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் அட்டையில் பூஞ்சை நிச்சயம்.

சாளேசரம் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டம் ரொம்பப் பொடி. சின்னப் பிள்ளைகளுக்கான பெரிய கட்ட நோட்டு எடுக்கலாம். ஆனால் கீழ்ப்பாதிக்கு இடம் பற்றாது. எதிர்ப்பக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் வருஷத்துக்கு இரண்டு நோட்டு ஆகும்.