ஜாஸ் பேஸா ஸ்டிங்ரேயா? ஒரு மணி நேரம் தோள்ல மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல கோயில் திருவிழா, கல்யாண விருந்துன்னு வாசிக்கிற தம்பிங்க ரெண்டு பேரு என்கிட்ட இதையேதான் கேட்டாங்க, அண்ணே காச சேத்து வச்சு ஒரே ஒரு நல்ல பேஸ் கிட்டார் வாங்கணும், ஃபெண்டர் அமெரிக்கன் ஜாஸ் பேஸ் எடுக்கவா இல்ல மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஸ்பெஷல் எடுக்கவான்னு. நானும் ஈப்போவுக்கு மூணு சனிக்கிழமை போயி ரெண்டையும் வாசிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன்.

மொத பத்து நிமிஷம் ஸ்டிங்ரேதான் மனச அள்ளும். 1976ல வந்த டிசைன், ஒரே ஒரு பெரிய ஹம்பக்கர், அதாவது கம்பியோட அதிர்வ புடிக்கிற ரெட்டைச் சுருள் பிக்கப், உள்ளுக்குள்ள சத்தத்த ஏத்திக் குடுக்குற, பேட்டரியில ஓடுற ப்ரீஆம்ப், 2018ல வந்த ஸ்பெஷல்ல அது 18 வோல்ட்டு, எடையும் கொறச்சிருக்காங்க. விரல் பட்ட ஒடனே சத்தம் பளிச்சுன்னு முன்னுக்கு வந்து நிக்கும், பக்கத்துல உருமி மேளம் அடிச்சாகூட அமுங்காது, ஸ்லாப், அதாவது கட்டை விரலால கம்பிய அடிச்சு வாசிக்கிறவங்களுக்கு வேற எதுவும் தேவையே இல்ல.

ஜாஸ் பேஸ் 1960லேர்ந்து இருக்கு, ரெண்டு சிங்கிள் காயில், அதாவது ஒத்தைச் சுருள் பிக்கப், வழக்கமான மாடல்ல பேட்டரி கிடையாது, கடையில வாசிச்சா மொதல்ல சாதுவாத்தான் தெரியும். ஆனா பிக்கப்புக்கு ஒண்ணா இருக்குற ரெண்டு வால்யூம் குமிழையும் மெதுவா திருப்பிக்கிட்டே ஒரே வரிய திரும்பத் திரும்ப வாசிச்சுப் பாருங்க. கம்பி உடம்புல முடியிற பிரிட்ஜ் பக்கம் ஏத்தினா ஒவ்வொரு சுரமும் தனித்தனியா பேசும், கழுத்து, அதாவது நெக் பக்கம் ஏத்தினா உருண்டு திரண்டு அடியில போய் உக்காரும். இளையராஜா பாட்டுல பேஸ் தனியா ஒரு மெட்டு பாடிக்கிட்டே போகும் பாருங்க, அத வாசிக்கும்போதுதான் இந்த குமிழோட அருமை எனக்கு புரிஞ்சுச்சு.

அப்புறம் கை. ரெண்டுலயும் கம்பி நீளம், அதாவது ஸ்கேல், 34 இன்ச்தான், ஆனா நெக்கோட மேல் முனையில இருக்குற நட்டுகிட்ட அகலம் ஜாஸ் 38 மில்லிமீட்டர், ஸ்டிங்ரே 41 கிட்ட வரும். மூணு மில்லிமீட்டர்ல என்ன இருக்குன்னு நெனைக்காதீங்க, உக்காந்து வாசிக்காம ஸ்ட்ராப்ப மாட்டிக்கிட்டு நின்னு ஒரு மணி நேரம் உங்க பாட்டுங்களையே வாசிங்க, எனக்கு நாப்பதாவது நிமிஷத்துலயே சுண்டு விரல் சொல்லிருச்சு. நான் ஜாஸ்தான் எடுத்தேன்.

அதுலயும் ஒரு கொறை இருக்கு. ரெண்டு பிக்கப்பையும் முழுசா வச்சா இரைச்சல் ஒண்ண ஒண்ணு அடிச்சு அடங்கிரும், ஒண்ண கொறச்சா ங்ங்ங்னு கேக்க ஆரம்பிக்கும், தோட்டத்து மண்டபத்துல சீரியல் லைட்டு, ஜெனரேட்டர் பக்கத்துல நின்னா இன்னும் அதிகம். கடையிலயே லைட்டுக்கு கீழ நின்னு இத பாத்துக்குங்க, ஹம்பக்கர்ல இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி.

எதுவா இருந்தாலும் நெக்க பாக்காம காச எடுக்காதீங்க, நம்ம ஊரு ஈரத்துக்கும் கடை ஏர்கோனுக்கும் நடுவுல மரம் வளையும். மொத ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு ஏழாவது ஃப்ரெட்டுகிட்ட கம்பிக்கு கீழ பாருங்க, ஒரு விசிட்டிங் கார்டு நுழையிற அளவுக்கு இடைவெளி இருந்தா போதும், அதுக்கு மேல இருந்தா நெக்குக்குள்ள வளைவ சரி பண்ற ட்ரஸ் ராட திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டு மறுபடி வாசிங்க.

ஸ்டிங்ரே எடுக்குற தம்பிக்கு ஒண்ணு. வாசிச்சு முடிச்சதும் வயர கழட்டிருங்க, சொருகியே வச்சா பேட்டரி எறங்கிக்கிட்டே இருக்கும். ஒரு திருவிழாவுல இரவல் வாங்கின, பேட்டரியில ஓடுற ஆக்டிவ் பேஸ் ஒண்ணு பாதிப் பாட்டுல ஊமையாகி, சாமி பொறப்படுற நேரத்துல நான் கைய பெசஞ்சுக்கிட்டு நின்னேன். பையில எப்பவும் ரெண்டு 9 வோல்ட் பேட்டரி இருக்கட்டும்.