மூவாயிரம் ரூபாய் ஸ்பீக்கரும் முப்பது ரூபாய் குமிழும்: நான்கு வருட அனுபவம்

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அக்கா, உன் வீட்ல இருக்கே அந்த டூ பாயிண்ட் ஒன் ஸ்பீக்கர், இப்ப எண்ணூறு ரூபாய் குறைஞ்சிருக்கு. வாங்கிடட்டுமா?" அவன் கேட்ட நேரத்தில் அந்த ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் பிரிந்து கிடந்தது, மூன்றாவது தடவையாக. "வேண்டாம்டா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு அது நியாயமான பதிலா என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவனுக்கு முழுசாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்ததுதான் இது.

நான் இருப்பது புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலிலிருந்து இரண்டாவது தெரு. வேலை சப்டைட்டில் போடுவது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு சொல் தப்பாகக் காதில் விழுந்தால் வரியே தப்பாகிவிடும். 2021 கடைசியில் அந்த ஸ்பீக்கரை (இரண்டு சின்னப் பெட்டி, கனத்த சத்தத்துக்கு சப்வூஃபர் என்ற பெரிய பெட்டி ஒன்று) 3,200 ரூபாய்க்கும், காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன் ஒன்றை 1,400 ரூபாய்க்கும் வாங்கினேன். வாட் கணக்கு, அங்குலக் கணக்கு எல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது, அதை இங்கே எழுதவில்லை. ஒன்று மட்டும்: பெட்டியில் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட் (கண நேர உச்சத்தைச் சொல்லும் விளம்பரக் கணக்கு) என்று போட்டிருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம், தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்தான் கணக்கு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. அம்மாவுக்குக் காலையில் நாதஸ்வரம் வேண்டும். அதுவரை லேப்டாப்பில்தான் போட்டுக்கொடுப்பேன். அதில் தவில் என்றால் குச்சி படுகிற டக் டக் மட்டும்தான், தொப்பிப் பக்கத்துக் கனம் வரவே வராது. இந்த ஸ்பீக்கரை மாட்டிய முதல் நாள் சமையலறையிலிருந்த அம்மா கரண்டியோடு வந்து வாசலில் நின்றுவிட்டார். வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் உருளுவது ஒரு பக்கம், தொப்பியில் குச்சி விழும்போது வயிற்றில் லேசாக மோதுகிற அந்தக் கும் ஒரு பக்கம், இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. மூவாயிரம் ரூபாய்ப் பொருளிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை. சப்வூஃபரை முதலில் மூலையில் வைத்திருந்தேன், பேச்சுக் குரலெல்லாம் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. சுவரைவிட்டு ஒன்றரை அடி தள்ளி, மூலையிலிருந்தும் எடுத்து வைத்ததும் பாதி சரியாயிற்று. மீதிப் பாதி, எதிர்ச் சுவரில் அம்மாவின் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்ததில் சரியானது. காசு கொடுத்து எதுவும் வாங்குவதற்கு முன்னால் இந்த இரண்டையும் செய்து பாருங்கள்.

இப்போது அந்தக் குமிழ்.

இந்த மாடலில் வால்யூம் குமிழ் பெட்டியில் இல்லை, வயரின் முனையில் ஒரு சின்ன டப்பியாக மேசை மேல் கிடக்கும். கைக்கு வசதிதான், அது உண்மை. ஆனால் பதினோராவது மாதத்தில் அதைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று, பொரிகடலையை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அப்புறம் இடது பக்கம் காணாமல் போகும். குமிழை லேசாகத் தட்டினால் வரும், கையை எடுத்தால் போகும். சத்தமாக வைத்தால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, தாழ்வாக வைத்தால்தான். எனக்கு வேண்டியதே தாழ்வான சத்தம். இரவு பதினொரு மணிக்கு அம்மா தூங்கிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்காமல் வேலை பார்க்கிற ஆளுக்கு, குமிழின் முதல் கால்வாசிதான் மொத்த ஸ்பீக்கரும். வாங்குவதற்கு முன் நான் பார்த்த விமர்சனங்களில் ஒருவர்கூட அந்தக் கால்வாசியைப் பற்றிப் பேசவில்லை, எல்லோரும் முழுசாகத் திருப்பி ஜன்னல் அதிர்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

ரிப்பேர் கடை அண்ணன் பிரித்துக் காட்டினார். உள்ளே குதிரைலாட வடிவில் ஒரு கரித்தடம், அதன் மேல் உரசிக்கொண்டு போகும் ஒரு மெல்லிய உலோக நாக்கு. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. இந்த உதிரியைத்தான் கடையில் 'பாட்' (பொட்டென்ஷியோமீட்டர்) என்கிறார்கள். பாட்டின் சத்தம் அந்த நாக்கு வழியாகத்தான் போகிறது, அதனால் நாக்கில் களிம்போ தடத்தில் தூசியோ இருந்தால் அதுவும் சேர்ந்தே கேட்கும். மலிவான 'பாட்' என்றால் இரண்டு தடமும் தொடக்கத்தில் ஒரே அளவாக இருக்காது, அதனால் புதுசாக இருக்கும்போதே தாழ்ந்த சத்தத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக வரும். யோசித்துப் பார்த்தால் முதல் நாளே அப்படித்தான் இருந்தது, நான் என் காது என்று நினைத்திருந்தேன். "கடலோரம்னா இப்படித்தாம்மா, உப்புக் காத்து எதையும் விடாது" என்றார். காண்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து, குமிழை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இருபது முப்பது தடவை திருப்பச் சொன்னார். கொஞ்ச காலம் ஓடியது. யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி வந்து ஒட்டிக் கூழாகிவிடும்.

இரண்டாவது தடவை ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு. 2024 நவம்பர் 30 இரவு இங்கே பக்கத்தில் கரை கடந்ததே, அதுதான். மழை தொடங்கியதும் சப்வூஃபரைப் பரணில் ஏற்றிவிட்டேன், குமிழ் டப்பி ஜன்னலோர மேசையிலேயே கிடந்துவிட்டது. கரண்ட் வந்து போட்டுப் பார்த்தால் வலது பக்கம் மட்டும்தான். இந்தத் தடவை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே எடுத்துப் போனேன். வாரண்டி முடிந்திருந்தது, அதில் எனக்குக் குறையில்லை, காசு கொடுக்கத் தயாராகத்தான் போனேன். டப்பி தனியாகக் கிடைக்காது, புது செட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். எதிரில் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபையர் நன்றாக இருக்கிறது, மூன்று ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, மரத்தூள் பலகைப் பெட்டிகூட உப்பவில்லை. ஆறு கால் உள்ள சின்ன 'பாட்' ஒன்றுக்காக இதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்கிறார்களே என்று வண்டியில் வரும்போது கண்ணீரே வந்துவிட்டது. மறுபடி கிளீனர் அடித்து ஓட்டினேன். இந்த மூன்றாவது தடவைதான் அண்ணன் பழையதை உருவிவிட்டுப் புதுப் பாட் வைத்தார். பாட் முப்பது ரூபாய், கூலி நூற்றிருபது.

இடையில் இன்னொரு தொல்லையும் இருந்தது, ம்ம்ம் என்று ஓயாத ஒரு முனகல். அதற்கு ஸ்பீக்கரைத் திட்டியது என் தப்பு. லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் முனகல் நின்றுவிடும், மாட்டினால் வரும். லேப்டாப்பின் உலோக மேல்பக்கத்தில் கை வைத்தால் லேசாகச் சுள்ளென்று இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டியதில், அந்த அறைப் பிளக்குக்கு வரும் எர்த் வயர் இணைப்பிலேயே துருப்பிடித்து அறுந்திருந்தது. சார்ஜரிலிருந்து கசியும் கொஞ்சம் மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் ஆடியோ வயர் வழியாக ஸ்பீக்கருக்கு வந்துகொண்டிருந்தது. எர்த் சரியானதும் முனகல் போய்விட்டது. கடலோரத்துப் பழைய வீடு என்றால் இதை முதலில் பாருங்கள், இது பாட்டுக்காக மட்டுமில்லை, உயிருக்காகவும். மௌஸை நகர்த்தும்போது வந்த கிர் சத்தம் வேறு கதை, அது லேப்டாப்பின் உள்ளிருந்தே வருவது. அறுநூறு ரூபாய் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை மாட்டியதும் அதுவும் போய்விட்டது. ஹெட்போனுக்கும் அதையே பயன்படுத்துகிறேன்.

ஹெட்போனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுதான் அதற்குப் பெருமை. நான்கு வருடத்தில் காது மெத்தையின் ரெக்சின் மட்டும்தான் உரிந்தது. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அந்த ரெக்சின் உதிராமல் இருக்காது, இரண்டாவது கத்திரி வெயிலில் கன்னமெல்லாம் கறுப்புத் தூள். 250 ரூபாய்க்குத் துணி மெத்தை வாங்கி மாற்றினேன், வேர்வையும் பாதியாகக் குறைந்தது. ஆக, மெத்தை கழற்றி மாட்டக்கூடியதா என்று பார்த்து வாங்க வேண்டும். ப்ளூடூத் வேண்டாமா என்று கேட்பார்கள். படம் பார்க்க, பாட்டுக் கேட்க ப்ளூடூத் போதும், வீடியோ ஓட்டும் செயலிகள் பெரும்பாலும் தாமதத்தை அவையே சரிக்கட்டிக்கொள்ளும். சப்டைட்டில் வேலையில் உதடு அசைந்த பிறகு கால் நொடி கழித்துக் குரல் வந்தால் என் வேலையே கெட்டுப்போகும், அதனால் எனக்கு வயர்தான். ஆனால் நாள் முழுக்க ஹெட்போன் போட முடியாது, போடவும் கூடாது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம், அதற்கு மேல் காதுக்கு நல்லதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் ஐந்து நாள் என்றால் அந்த நாற்பதும் வேலையிலேயே தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் எனக்கு ஸ்பீக்கரும் வேண்டியிருக்கிறது, அதுவும் தாழ்ந்த சத்தத்தில் ஒழுங்காகப் பேசுகிற ஸ்பீக்கர்.

தம்பிக்குச் சொல்வது இதுதான். கடையில் போட்டுக் காட்டச் சொல்லும்போது சத்தத்தைக் கூட்டச் சொல்லாதே, குறைக்கச் சொல். பக்கத்தில் நிற்கிறவரோடு சாதாரணமாகப் பேச முடிகிற அளவுக்குக் குறைத்து, ஒருவர் தனியாகப் பேசும் ஒலிப்பதிவு எதையாவது போடச் சொல். குரல் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று கேள். குமிழை மெதுவாகத் திருப்பிப் பார். வயரில் தொங்கும் டப்பி இல்லாமல், குமிழ் பெட்டியிலேயே இருப்பதாகப் பார்த்து எடு. உன் பெண்ணின் ஆன்லைன் வகுப்புக்கு மட்டும்தான் என்றால் ஸ்பீக்கரே வேண்டாம், நல்ல வயர் ஹெட்போன் ஒன்று போதும், சத்தத்தை நீயே குறைத்து வைத்துக் கொடு.

என் மாடலை வாங்கலாமா என்றால், வாங்காதே. எண்ணூறு இல்லை, ஆயிரத்து ஐந்நூறு குறைத்தாலும் வாங்காதே. மூவாயிரத்துக்கு இதைவிட நல்ல தவில் சத்தத்தை நான் கேட்டதில்லை, அதை இப்போதும் சொல்கிறேன். ஆனால் முப்பது ரூபாய் உதிரி பாகத்தைத் தராத கம்பெனிக்கு என் வீட்டிலிருந்து இன்னொரு ஆள் காசு கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

நேற்று சாயங்காலம் ஸ்பீக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். குமிழை ஒரு நெல்லளவு மட்டும் திருப்பி நாதஸ்வரத்தைப் போட்டேன், இரண்டு பக்கமும் சமமாக, கரகரப்பே இல்லாமல் வந்தது. உள்ளே படுத்திருந்த அம்மா, "சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். தம்பியிடம் போனில் சொன்னபோது, "இவ்ளோ கோவம்னா அதை எனக்குக் குடுத்துடேன்க்கா" என்றான். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அண்ணனிடம் அதே அளவில் இன்னும் இரண்டு பாட் வாங்கி வந்திருக்கிறேன், மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு சேர்த்து ஒரு டிபன் டப்பாவில் போட்டு மூடி, பீரோவுக்குள் வைத்திருக்கிறேன்.