மர்மாரிஸ் துறைமுகத்தில் மீன் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

துருக்கியின் தென்மேற்குக் கடற்கரை ஊர்களில் தனியாகச் சுற்றி, கடல் உணவை ஆசையாக உண்ண நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மர்மாரிஸ் துறைமுகத்தை ஒட்டிய மீன் உணவகம் ஒன்றில் ஒரே இரவு உணவுக்கு என்னிடம் வாங்கிய தொகையில், அதே கரையில் உள்ள ஃபெத்தியே என்ற ஊரில் பல வேளை வயிறார உண்டிருக்கலாம். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏமாற்றப்பட்ட விதம்தான் தெரிய வேண்டியது.

அங்கே விலைப்பட்டியலில் கபாபுக்கும் சாலடுக்கும் விலை இருந்தது. மீனுக்கு நேரே மட்டும் 'அன்றைய விலை' என்று இருந்தது. பனிக்கட்டிமேல் அடுக்கியிருந்தவற்றில் லெவ்ரெக் என்று அங்கே அழைக்கப்படும் 'சீ பாஸ்' மீன் ஒன்றைக் காட்டினேன். பரிசாரகர் அதை என் கண்முன் நிறுக்காமலே உள்ளே கொண்டுபோனார். பிறகு பெரிய தாம்பாளத்தில், முதலில் கொறிக்கும் சிறு தட்டு உணவுகளான மெஸே வகைகள் வந்தன. நான் கைகாட்டியவை ஹைதாரி என்ற கெட்டித் தயிர்ப் பச்சடியும் ஆக்டோபஸ் சாலடும். மேசைக்கு வந்தவை நான்கு தட்டுகள். இறுதியில், கேட்காமலே ஒரு பழத்தட்டையும் வைத்துவிட்டுச் சிரித்தபடி போனார். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீனைப் பக்குவமாகவே சுட்டிருந்தார்கள்.

கணக்கு, மொத்தத் தொகை மட்டும் கையால் எழுதிய துண்டுச் சீட்டாக வந்தது. பிரித்து எழுதித் தருமாறு கேட்ட பிறகுதான் உள்விவரம் வெளிவந்தது: மீன் 900 கிராம், அதுவும் கடலில் பிடித்ததற்கான விலையில், 'குவேர்' எனப்படும் மேசைக் கட்டணம் இரண்டு பேருக்கு, பழத்தட்டுக்குத் தனி விலை. ஒருவருக்கென்று பரிமாறப்படும் லெவ்ரெக் பெரும்பாலும் 300 முதல் 400 கிராம் எடையுள்ள பண்ணை மீன்தான். என் தட்டில் கிடந்த முள்ளும் அந்த அளவுக்குத்தான் இருந்தது. சுத்தம் செய்வதற்கு முந்தைய எடை அது என்று மேலாளர் விளக்கினார். குடலும் செதிலும் நீக்கினால் எடை குறையும் என்பது உண்மைதான், ஆனால் பாதிக்கு மேல் எப்படிக் குறையும்? நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு பழத்தையும் ஒருவருக்கான குவேரையும் கழித்தார்கள். மீன் விலையில் இறங்கி வரவே இல்லை. உடன் ஒருவர் இருந்திருந்தால் இவ்வளவு துணிந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அத்தோடும் முடியவில்லை. லிராவா, ரூபாயா என்று கார்டு இயந்திரம் கேட்டபோது, என்னிடம் காட்டாமல் பரிசாரகரே ரூபாயை அழுத்திவிட்டார். அப்படிச் செய்தால் மாற்று விகிதத்தை நம் வங்கி அல்ல, அந்த இயந்திரத்தை இயக்கும் தரப்பே தீர்மானிக்கும். அது பெரும்பாலும் நமக்கு நட்டமாகவே அமையும். கார்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும், லிராவை நீங்களே அழுத்துங்கள்.

இதற்காக அந்தக் கரையில் மீனே சாப்பிடக் கூடாது என்றில்லை. ஃபெத்தியே மீன் சந்தையில் நடுவில் உள்ள கடைகளில் நிறுத்துப் பார்த்து வாங்கிய மீனைச் சுற்றியுள்ள உணவகங்களில் கொடுத்தால், ஒரு கட்டணத்துக்குச் சமைத்துத் தருகிறார்கள். அந்தக் கட்டணத்தையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. மற்ற இடங்களில், மீன் அடுப்புக்குப் போகுமுன் தராசில் எடையைப் பார்த்து, கிலோ விலையையும் பண்ணை மீனா கடல் மீனா என்பதையும் கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். கேட்காத தட்டு மேசைக்கு வந்தால், தொடாமல் அப்போதே திருப்பி அனுப்புங்கள்.

துருக்கி விதிப்படி உணவகங்கள் விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைத்தாக வேண்டும். தகராறு வந்தால் அச்சிட்ட ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பட்டியலையும் ரசீதையும் படமெடுத்துக்கொண்டு, 175 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தங்கும் விடுதியில் துருக்கி மொழி பேசும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைத்தால் புகாரைத் தெளிவாகச் சொல்ல முடியும்.