பழைய சவரக்கத்திக்குத் தண்ணீர்க்கல்லா, பிலிமா, பெல்ஜியக் கல்லா?

குளச்சல், முட்டம் பக்கத்துப் பரண்களில் கிடக்கும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் சவரக்கத்திகளைக் கடற்காற்று சும்மா விடாது. கல் வாங்குமுன் கத்தியைப் பாருங்கள். வாயில் விரிசல் என்றால் ஒதுக்கிவிடலாம். துருக்குழி வாய்வரை இறங்கியிருந்தால், அதைத் தாண்டும்வரை இரும்பைத் தேய்க்க வேண்டும். சைக்கிள் சாணைக்காரரிடம் மட்டும் வேண்டாம். மெல்லிய வாய் சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று.

முதல் தீட்டலுக்கு, நீர்விட்டுத் தீட்டும் 1000 கிரிட் தண்ணீர்க்கல்தான் (கிரிட் எண் கூடக்கூடக் கல் நயமாகும்). 12 மைக்ரான் பிலிமாலும், அதாவது அரிக்கும் துகள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாளாலும், முடியும் (மைக்ரான் குறையக் குறைய நயம்). ஆனால் பல் விழுந்த வாய்க்கு நேரம் இழுக்கும், பிலிமும் கிழியும். கல்லின் தொல்லை நடுவில் குழிவது. பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிமேல் வைத்த 400 நம்பர் வாட்டர் பேப்பரில் கோடுகள் முழுக்க அழியும்வரை தேயுங்கள். கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படிய வேண்டும். முதுகு தேயாமலிருக்க ஒரு அடுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டலாம். பாதியில் அதைக் கழற்றினால் கோணம் குறைந்து, அடுத்த கல் வாயின் விளிம்பைத் தொடாமலே போகும். நுனி முதல் அடிவரை கைமுடியை மழிக்காத கத்தியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான தோல்வி இங்கேதான்.

மெருகுக்கு வந்தால் கதை மாறுகிறது. 4000, 8000, 12000 என்று மூன்று கல் வாங்கி மூன்றையும் சமப்படுத்திக்கொண்டிருப்பதைவிட, நாகர்கோவிலில் எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டித் தரும் 8 மி.மீ. தடிமன் கண்ணாடித் துண்டின்மேல் 5, 3, 1 மைக்ரான் பிலிம் ஒட்டுவது மேல். ஒன்றிரண்டு கத்தி வைத்திருப்பவருக்கு இதுவே போதும். கண்ணாடியை நனைத்து, பிலிமை வழித்து ஒட்டுங்கள். அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் வாய் கெடும். அழுத்தம் கத்தியின் எடையளவே.

பெல்ஜியக் கல் என்பது காட்டிக்யூல் என்ற இயற்கைக் கல். அதை ஊறவைக்க வேண்டாம். அதிலுள்ள கார்னெட் என்ற கடினக் கனிமத் துகள்கள், கல்மேல் தேய்த்தெடுத்த சேறாக இருக்கையில் வேகமாக அரிக்கும். சொட்டுச் சொட்டாக நீர் சேர்க்கச் சேர்க்க மெதுவாகும். முகத்துக்கு மென்மையான வாய் கிடைக்கும்தான். ஆனால் நீர்விடும் பக்குவம் கைவர நாளாகும். முதல் கல்லாக வேண்டாம்.

எதில் முடித்தாலும் தோல்வாரில் முதுகு முன்செல்ல 50 முறை இழுங்கள். துடைத்து உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் கைக்கெட்டும். அது நாளடைவில் பிசினாகும். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் குளியலறை அலமாரியும் ஆகாது.