ஜன்னல் வழியே போட்ட துண்டு: திருநெல்வேலியில் என் கிரெடிட் கார்டு

சித்தப்பாவுக்கு மணிவிழா. நியூ ஜெர்சியிலிருந்து நான், மும்பையிலிருந்து அத்தை குடும்பம், பெங்களூரிலிருந்து அக்காவும் அத்தானும் என்று எல்லோரும் ஆனி மாதக் கடைசியில் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தோம். பாளையங்கோட்டை வீட்டில் அத்தனை பேருக்கு இடம் காணாது. வண்ணார்பேட்டையில் ஒரு ஹோட்டலில் நான்கு அறை போட்டேன், மூன்று இரவுக்கு. அந்தச் செலவு என்னுடையது என்று முன்பே சொல்லிவிட்டேன். சித்தப்பா என்னைப் படிக்க வைத்தவர்.

ஊரில் சேவைகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலும் நல்லபடியாகத்தான் சொல்வேன். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானம், வாகைக்குளத்தில் இறங்கியதும் டாக்ஸி, ஒரு மணி நேரத்துக்குள் வண்ணார்பேட்டை. டவுனில் அல்வாக்கடை, குறுக்குத்துறைப் பக்கம் டீக்கடை, பத்தமடையில் பாய் வாங்கிய வீடு, எல்லா இடத்திலும் யுபிஐ அட்டை தொங்குகிறது. என்னிடம் யுபிஐ இல்லை. 2023 முதல் அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம் போன்ற சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே, வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கை யுபிஐயில் இணைக்க வழி இருக்கிறது. நம் வங்கி அந்த வசதியைத் தந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இணைத்துவிட்டு வராதது என் தப்பு. சில்லறைச் செலவுக்கு ரொக்கம், பெரிய செலவுக்கு அமெரிக்கக் கிரெடிட் கார்டு என்று கணக்குப் போட்டு வந்திருந்தேன். அந்தக் கணக்கு எங்கே இடித்தது என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டும். வெளிநாட்டுக் கார்டோடு ஊருக்குப் போகிற யாருக்கும் இது நடக்கும்.

ஜூலை 12 அன்று ஹோட்டலில் நுழைந்ததும் ரிசப்ஷனில் இருந்த பெண் கார்டைக் கேட்டாள். "அட்வான்ஸ் பிடிச்சுக்கிடுதோம் சார், காலி பண்ணும்போது சரி பண்ணிக்கிடலாம்." மெஷினில் 76,500 ரூபாய் அடித்தாள். மூன்று நாள் வாடகையும் சாப்பாட்டுக்குக் கொஞ்சமும் சேர்த்து. வந்த ஸ்லிப்பில் 'ப்ரீ ஆத்', அதாவது முன் அனுமதி, என்று இருந்தது. மடித்துப் பர்ஸில் வைத்தேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்திருக்கிறேன்.

மணிவிழா நன்றாக நடந்தது. மறுநாள் பாபநாசம், அகஸ்தியர் அருவி, சாயங்காலம் குற்றாலத்தில் சாரல். 15-ஆம் தேதி காலையில் அறைகளைக் காலி செய்தோம். ரிசப்ஷனில் வேறு ஒரு பையன். மொத்த பில் 68,000 ரூபாய். கார்டை வாங்கிப் புதிதாக ஒரு தடவை தேய்த்தான். முதலில் பிடித்தது என்னவாயிற்று என்று கேட்டேன். "அது தானாப் போயிரும் சார்" என்றான். கீழே வண்டி நின்றுகொண்டிருந்தது, பெட்டிகள் ஏறிவிட்டன. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

16-ஆம் தேதி சாயங்காலம் ஆச்சிக்குத் தலைசுற்றி, பேச்சுக் குழறியது. வயது எண்பத்திரண்டு. ஹைகிரவுண்ட் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர்கள் உடனே பார்த்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. உள்ளே சேர்ப்பதற்கு 25,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். கார்டை நீட்டினேன். மெஷின் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார்கள். எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள், உள்ளே ஆச்சி ஸ்ட்ரெச்சரில். அத்தான் என்னை ஒதுக்கிவிட்டு போனை எடுத்துப் பணத்தைக் கட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனாலும் அந்த நிமிடத்தில் எனக்குக் கை நடுங்கியது.

ராத்திரி மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து வங்கி ஆப்பைத் திறந்தேன். கார்டின் லிமிட் 3,000 டாலர். விமான டிக்கெட்டுக்குச் செலவழித்து ஏற்கெனவே கணக்கில் ஏறியது 1,200 டாலர். அப்படியானால் 1,800 டாலர் மிச்சம் இருக்க வேண்டும். ஆப் காட்டியது 100. கீழே 'பெண்டிங்', அதாவது இன்னும் கணக்கில் ஏறாதவை, என்ற தலைப்பில் அதே ஹோட்டல் பெயரில் இரண்டு வரிகள். டாலருக்கு ஏறக்குறைய 85 ரூபாய் என்று வைத்து ஒன்று 900 டாலர், மற்றது 800 டாலர். 25,000 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 294 டாலர். நூறு டாலர் இடத்தில் அது எப்படி ஏறும்?

அத்தான் எட்டிப் பார்த்தார். "ஏ மாப்ள, கடன் 1,200-ன்னுதானே போட்டிருக்கு. பின்ன ஏன் இடமில்லைங்கான்?"

நல்ல கேள்வி. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நாம் எல்லோரும் பார்த்ததை வைத்தே அவருக்குச் சொன்னேன். தென்காசி பஸ் உள்ளே வரும்போதே ஒருத்தர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டைப் பிடிக்கிறார். அந்த சீட்டில் ஆள் இல்லை, டிக்கெட்டும் வாங்கவில்லை. ஆனால் வேறு யாரும் உட்கார முடியாது. கார்டில் இப்படி முன்கூட்டியே பிடித்து வைப்பதை ஹோல்ட் என்பார்கள். அதுதான் அந்தத் துண்டு. ஹோட்டல் மெஷினில் தொகையை அடித்ததும், இவ்வளவுக்கு இடம் இருக்கிறதா என்ற கேள்வி என் வங்கிக்குப் போகிறது. வங்கி சரி என்று சொல்லி ஓர் அப்ரூவல் எண் தருகிறது, லிமிட்டில் அவ்வளவு இடத்தை ஒதுக்கி வைக்கிறது. பணம் இன்னும் கைமாறவில்லை. ஹோட்டல் பின்னால் அதே அப்ரூவல் எண்ணைச் சொல்லி உண்மையான பில் தொகையை அனுப்பும்போதுதான் அது கணக்கில் ஏறும், துண்டும் எடுக்கப்படும். பில் குறைவாக இருந்தால் மீதி இடம் திரும்பிவிடும்.

என் விஷயத்தில் துண்டு போட்ட ஆள் வந்து வேறு சீட்டில் உட்கார்ந்துவிட்டார். காலி செய்யும்போது பழைய ப்ரீ ஆத்தை முடிக்காமல் புதுசாகத் தேய்த்ததால், புது அப்ரூவல் எண் விழுந்தது. தொகையும் வேறு. இரண்டும் ஒரே பில்லுக்கு என்று வங்கியின் கம்ப்யூட்டருக்குத் தெரிய வழியில்லை. அதனால் இரண்டு சீட்டும் போச்சு.

அத்தானுக்குச் சட்டென்று பிடிபட்டது. அவர் ஐபிஓவுக்கு, அதாவது கம்பெனிகள் முதன்முதலாக வெளியிடும் பங்குகளுக்கு, விண்ணப்பம் போடுகிறவர். பங்கு ஒதுக்கும் வரை அவருடைய வங்கிக் கணக்கில் பணம் முடங்கிக் கிடக்கும், ஆனால் போய்விடாது. ஆஸ்பா என்று அதற்குப் பெயர். "அதே கதைதானா" என்றார். அதேதான்.

மறுநாள், ஆடி 1, என் கார்டின் ஸ்டேட்மென்ட் தேதி. கட்ட வேண்டியது 1,200 டாலர் என்று வந்தது. அந்த 900-மும் இல்லை, 800-மும் இல்லை. ஸ்டேட்மென்ட் என்பது அன்று வரை கணக்கில் ஏறியதை மட்டும் எழுதுகிற சீட்டு. பெண்டிங்கில் இருப்பது அதில் வராது. குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிடும்போதும் அதைச் சேர்க்க மாட்டார்கள், அதற்கு வட்டியும் ஓடாது. மாதா மாதம் வங்கியிலிருந்து தானாகக் கட்டும்படி வைத்திருந்தால் அந்த 1,200 மட்டும்தான் போகும். அமெரிக்காவில் கிரெடிட் ஸ்கோருக்குப் போகிற கணக்கும் பெரும்பாலும் ஸ்டேட்மென்டில் உள்ள பாக்கிதான். ஆகவே ஹோல்ட் விழுந்ததால் ஸ்கோர் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. இடம் அடைபடுவது மட்டும் நிஜம். ஸ்டேட்மென்டை மட்டும் பார்த்து "நமக்கு 1,800 இருக்கிறது" என்று தெம்பாகப் போவதில்தான் ஆபத்து. பார்க்க வேண்டியது, இப்போது எவ்வளவு செலவழிக்கலாம் என்று ஆப் காட்டும் தொகையை.

மருத்துவமனையில் இருந்த அந்த ராத்திரியே 600 டாலரை ஸ்டேட்மென்டுக்குக் காத்திராமல் கட்டினேன். கட்டினால் இடம் திறக்கும். ஆனால் வங்கியைப் பொறுத்து ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், உடனே கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. எனக்கு அடுத்த நாள், ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் திறந்தது. அது அந்த இரவுக்கு உதவவில்லை.

அப்புறம் துண்டை எடுக்கிற வேலை. நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு ஏழரை. கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய அம்மா பொறுமையாகச் சொன்னார்: பெண்டிங்கில் இருப்பதைத் தகராறு என்று பதிவு செய்ய முடியாது, கணக்கில் ஏறினால்தான் அது நடக்கும். ஹோட்டல் தன் மெஷினிலிருந்தே ப்ரீ ஆத்தை ரத்து செய்யலாம். இல்லாவிட்டால், எங்களுக்கு அந்தத் தொகை வேண்டாம் என்று அப்ரூவல் எண்ணோடு ஹோட்டல்காரர் வங்கியிடம் சொல்ல வேண்டும். யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் தானாக உதிரும். சாதாரணக் கடையில் பிடித்தது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் போய்விடும். ஹோட்டலும் வாடகைக் காரும் பிடித்தது 30 நாள் வரைகூட நிற்கலாம். என் பயணமே மூன்று வாரம்தான். அந்தப் பையன் சொன்ன 'தானாப் போயிரும்' பொய் இல்லை. எப்போது போகும் என்பதைத்தான் அவன் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். அந்தப் பையன், பணத்தை ரீஃபண்ட் போட்டுவிடுகிறேன் என்றான். நான் வேண்டாம் என்று தடுத்தேன். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரீஃபண்ட் என்பது எடுத்த பணத்தைத் திருப்பித் தருவது. இங்கே 76,500 ரூபாயை இன்னும் எடுக்கவே இல்லை. ரீஃபண்டுக்காக அதை முதலில் கணக்கில் ஏற்றி, பிறகு திருப்பினால், இரண்டும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு டாலர் விலையில் விழும். நடுவில் ஸ்டேட்மென்ட் தேதி வந்தால் முழுத் தொகையும் கடனாக அதில் ஏறிவிடும். எனக்கு வேண்டியது ப்ரீ ஆத் ரத்து மட்டும்.

மேனேஜர் அண்ணாச்சி வந்தார். வயதானவர், நிதானமானவர். ஸ்லிப்பை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதை வச்சு முடிச்சிருக்கணும் தம்பி. புதுசாத் தேய்ச்சது எங்க பக்கம் தப்புதான்" என்று நேராகச் சொன்னார். மெஷினில் ப்ரீ ஆத் ரத்து என்பதைத் தேடி எடுத்து, அப்ரூவல் எண்ணையும் தொகையையும் அடித்தார். ரத்து ஸ்லிப் வந்தது, எனக்கு ஒரு பிரதி தந்தார். பையனைப் பக்கத்தில் நிறுத்தி ஒவ்வொரு பொத்தானையும் காட்டிக்கொடுத்தார். மரியாதையான மனிதர். அந்த ஸ்லிப் என்னிடம் இல்லாமல் இருந்திருந்தால் அவருக்கும் பழைய கட்டுகளைப் புரட்டுகிற வேலை ஆகியிருக்கும்.

19-ஆம் தேதி காலையில் ஆப்பில் 900 டாலர் வரி இல்லை. திருப்பித் தந்ததாக ஒரு வரி வரும் என்று அத்தான் எதிர்பார்த்தார். வராது. கணக்கில் ஏறாதது போகும்போதும் தடம் இல்லாமல்தான் போகும். அதற்குள் 800 டாலர் வரி பெண்டிங்கிலிருந்து கணக்குக்கு மாறி 794 ஆகியிருந்தது. பிடித்த அன்றைய டாலர் விலை வேறு, ஏறிய அன்றைய விலை வேறு, அவ்வளவுதான். வேறு சிலருக்கு இது கூடவும் செய்யலாம். வெளிநாட்டுச் செலவுக்கு 3 சதவீதம் வரை எடுக்கும் கார்டுகளில் அந்தக் கட்டணமும் சேரும். மெஷின் 'டாலரா, ரூபாயா' என்று கேட்டால் ரூபாய் என்றே சொல்லுங்கள். டாலர் என்றால் விலையை நிர்ணயிப்பது மெஷின் பக்கம், அது பெரும்பாலும் நமக்கு நட்டம்.

இதே ஹோல்ட் டெபிட் கார்டில் விழுந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கிரெடிட் கார்டில் அடைபடுவது வங்கி தரும் இடம். டெபிட்டில் அடைபடுவது நம் சொந்தப் பணம், வீட்டு வாடகைக்கு என்று வைத்திருந்ததுகூட. அமெரிக்காவில் பெட்ரோல் பங்கில் நாமே கார்டைச் செருகினால் 175 டாலர் வரை பிடித்து வைப்பார்கள், போட்டது 30 டாலருக்கு என்றாலும். நம் ஊர் பங்கில் ஆள் நின்று போட்ட தொகையை மட்டும் தேய்ப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஹோட்டலுக்கும் வாடகைக் காருக்கும் டெபிட் கார்டைத் தராதீர்கள். முன்பணம் பிடிக்க ஒரு கிரெடிட் கார்டு, அவசரத்துக்கு இன்னொன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது, தேய்க்கும் முன்னால், "முதல்ல பிடிச்சதுலேயே முடிச்சிருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஆச்சி நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பேச்சு தெளிந்துவிட்டது, நடைதான் கொஞ்சம் தள்ளாடுகிறது. அத்தானின் 25,000 ரூபாயை ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தேன். வாங்க மறுத்தார், அக்காவிடம் கொடுத்தேன். ஆகஸ்ட் 17 அன்று நியூ ஜெர்சியில் அடுத்த ஸ்டேட்மென்ட் வந்தது. அந்த ஹோட்டல் பெயரில் ஒரே ஒரு வரி, 794 டாலர்.