கோண்டாவில் கராஜில் என் எக்ஸ்.எல். 185: இறுகின எஞ்சினுக்குச் செய்த வேலை எப்படி?

யாழ்ப்பாணத்தில் பழைய ட்ரெயில் (மண், மணல் பாதைக்கான) மோட்டார் சைக்கிள் ஓடுகிற இரண்டு பேர் சந்தித்தால் சுகம் விசாரிப்பதற்கு முதல் "எங்கை காட்டுறனீங்கள்?" என்றுதான் கேட்பார்கள். என் ஹொண்டா எக்ஸ்.எல். 185 எஞ்சின் இறுகி நின்றபோது நானும் அதையே ஊர் முழுக்கக் கேட்டுத் திரிந்தேன். பாதிப் பேர் கைகாட்டியது கோண்டாவில் பக்கம் ஒழுங்கைக்குள் இருக்கிற ஒரு தகரக் கொட்டகையை. பெயர்ப்பலகை கிடையாது. வேலை முடிந்து, சைக்கிளும் ஓடி, முதல் ஒயிலும் மாற்றியாகிவிட்டது. இனி எழுதலாம்.

நின்ற இடம் மணற்காடு. அந்த மணல் மேடுகளில் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறும்போது எஞ்சினுக்குக் காற்றுப் படுவது குறைவு. இது காற்றில் ஆறுகிற எஞ்சின். சூடு ஏறினால் ஒயில்தான் காப்பாற்ற வேண்டும். முதலில் ஹெட் (சிலிண்டரின் மேல் தலைப்பகுதி) பக்கம் கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு இழுவை விழுந்தது, அதோடு நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி. ஒரு லான்ட்மாஸ்ரர் (இரண்டு சக்கர உழவு மெஷின்) பெட்டியில் ஏற்றித்தான் றோட்டுக்குக் கொண்டுவந்தோம்.

முதலில் காட்டிய இடத்தில் "பிஸ்ரன், ரிங் போட்டால் சரி, இரண்டு நாளில் எடுக்கலாம்" என்றார்கள். விலையும் மலிவு. கோண்டாவில் அண்ணை அப்படிச் சொல்லவில்லை. அவர் ஸ்பனரைக்கூடத் தொடவில்லை. ஒயில் மூடியைக் கழற்றி, அதிலிருந்த அளவுக்கோலை மூக்கடியில் பிடித்து மணந்தார். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சொட்டை வைத்துத் தேய்த்தார். இது யுத்தகாலப் பொருளாதாரத் தடை நாட்களின் பழக்கம். தொண்ணூறுகளில் இங்கே பெற்றோல் தங்கம். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓடிய காலம். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அதை மணத்திலேயே பிடிக்கப் பழகின மூக்கு அது. மணந்துவிட்டு, "ஒயிலிலை பிழையில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போகேல்லை" என்றார்.

ஒயிலை வடித்து வலது பக்க மூடியைத் திறந்து, ஒயில் உறிஞ்சும் வலைத்தட்டை உருவி எடுத்தார். வலை கண்ணுக்குத் தெரியவில்லை. சிவப்பு சிலிக்கன் பசை, இடியப்பம் பிழிந்ததுபோல இழை இழையாக அதை மூடியிருந்தது. "பாரும் தம்பி, ஆர் பூசினது இது?" என்று கேட்டார். சில மாதங்களுக்கு முதல் ஒரு கராஜில் ஒயில் ஒழுக்கை நிற்பாட்டக் கொடுத்திருந்தேன். அங்கே மூடிக்கு இடையில் வைக்கிற காஸ்கற் தகட்டைப் போடாமல் பசையை அள்ளிப் பூசி மூடியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கினது கண்ணுக்குத் தெரியும், துடைக்கலாம். உள்ளே பிதுங்கினது பிய்ந்து ஒயிலோடு சுற்றி, பம்பின் வாயை அடைத்துவிடும்.

இந்த எஞ்சினில் அந்த அடைப்பின் பலனை முதலில் அனுபவிப்பது வால்வுகளைத் திறக்கிற காம்தான். அதற்குத் தனி பெயரிங் கிடையாது. காம் தண்டு ஹெட்டின் அலுமினியத்திலேயே நேராகச் சுற்றுகிறது, நடுவில் இருப்பது ஒயில் படலம் மட்டும். ஒயில் வராவிட்டால் அலுமினியம் உராய்ந்து காமைக் கவ்விக்கொள்ளும். எனக்குக் கேட்ட கிறீச் சத்தம் அதுதான். ஹெட்டைத் திருப்பி அந்த இடத்தில் என் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார்; வரி வரியாகத் தட்டுப்பட்டது. பிஸ்ரனின் பாவாடையிலும் (கீழ்ப்பக்கச் சுவர்) நீள நீளமான கீறல்கள். பிஸ்ரனை மட்டும் மாற்றியிருந்தால் புதுப் பிஸ்ரனோடு மறுபடி மணலில் நின்றிருப்பேன்.

ஹெட்டுக்கு அவர் சொன்ன வழி: ஹெட்டையும் மேல் மூடியையும் சேர்த்து இறுக்கி, ஒரே நேர்கோட்டில் துளையைப் பெருப்பித்து, வெண்கல புஷ் (உள்வளையம்) அடிப்பது. கடைச்சல் வேலை அவர் செய்வதில்லை, தெரிந்த பட்டறைக்கு அனுப்புகிறார். ஆனால் கூடவே போய் நிற்கிறார், அது எனக்குப் பிடித்தது. புஷ்ஷில் ஒயில் துளை பழைய துளைக்கு நேரே வராவிட்டால் செய்த வேலை முழுக்க வீண். துளைக்குள் கம்பியை விட்டுப் பார்த்த பிறகுதான் புஷ்ஷை அடிக்க விட்டார். சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார்கள். 0.25 மில்லிமீற்றர் ஓவர்சைஸில் (பெரிய பிஸ்ரனுக்காகத் துளையைப் பெருப்பிக்கிற அளவு) கீறல் போகாது என்று 0.50 போனோம். 63 மில்லிமீற்றர் துளை 63.5 ஆனது. பெயரில் 185 என்றாலும் உண்மையில் 180 சீசீயான எஞ்சின் இப்போது கணக்குக்கு 183 சீசீ. வேகம் கூடும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

சாமான் கதை தனி. ஸ்ரான்லி வீதியில் இந்திய சைக்கிள்களுக்கு எதுவும் எடுக்கலாம், எக்ஸ்.எல். என்றால் கைவிரிப்பார்கள். பிஸ்ரனும் காஸ்கற் கட்டும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழசுகளைத் திருத்தி வைத்திருக்கிறவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் நல்ல சாமான் வந்தால் நிற்பதில்லை. கழற்றின சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தந்தார். நான் கேட்கக்கூட இல்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். நாள் கேட்டால் "சாமான் வரட்டும்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். எழுதின பில் இல்லை. சிகரெட் பெட்டி மட்டையில் கூட்டல் போட்டுக் காட்டுவார். கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் காசு கொஞ்சநஞ்சமில்லை, ஒரு துண்டு கிடைத்தால் நல்லது. முற்றத்தில் நிற்கிற சைக்கிள்களுக்குக் கூரை இல்லை, மழை வந்தால் நனையும். பெற்றோல் ராங்கைக் கழற்றி வைக்கும்போது வாயைத் துணியால் கட்டிவிட்டு வாருங்கள். ஹெட் நட்டுகளைக் கை அளவில் இறுக்கப் போனார். இறுக்கும் அளவைக் காட்டுகிற என்னுடைய டோர்க் ஸ்பனரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதென்ன டொக்டர் சாமான்" என்று சிரித்துவிட்டு, குறுக்குக் குறுக்காக அளவு வைத்து ஒழுங்காகவே இறுக்கினார்.

கூலி மலிவில்லை. இரண்டு நாளில் எடுக்கலாம் என்றவர்கள் கேட்டதைவிட நன்றாகவே கூட. அந்தக் கூடுதல் காசு போனது அடைப்பைத் தேடின நேரத்துக்கு, கொடுத்ததில் எனக்கு மனவருத்தமில்லை. அவசரமென்றால் அங்கே போக வேண்டாம். ஸ்கூட்டிக்கு ஒயில் மாற்றுவதற்கும் போக வேண்டாம், முகம் கொடுக்க மாட்டார்.

இப்போது சத்தம் சுத்தம், புகை இல்லை, இரண்டாவது மிதியில் பிடிக்கிறது. முதல் 500 கிலோமீற்றருக்கு முறுக்கவேண்டாம், மணலுக்குள் இறக்கவேண்டாம் என்றார். ஒயில் வாங்கும்போது போத்தலில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. (மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான ஜப்பான் தரக் குறி) என்று இருக்கிறதா பார்க்கச் சொன்னார். கிளச்சும் அதே ஒயிலில் குளிக்கிறபடியால், வழுக்கல் கூடின கார் ஒயிலை ஊற்றினால் கிளச் நழுவும். முதல் ஒயிலை வடித்தபோது வலைத்தட்டை இன்னொரு தடவை உருவிப் பார்த்தார். இரண்டு சிவப்பு இழை அப்போதும் இருந்தது.

காலையில் ஒன்பது மணிக்குப் பிறகு போங்கள், வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு பூட்டு. நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் அந்த 25 நாளும் புது எஞ்சின் வேலை எதையும் கழற்ற மாட்டார். பஞ்சர், பிளக் மட்டும்தான்.