இரசமா, மதுசாரமா: வெப்பமானிக்குள் எது?

கொழும்பு வெயிலை அளக்க மட்டும்தான் என்றால் எதை எடுத்தாலும் சரி, 25க்கும் 33க்கும் இடையில் ஏறி இறங்கும் சூட்டை இரசமும் காட்டும், சிவப்புச் சாயம் போட்ட மதுசாரமும் காட்டும். வித்தியாசம் அந்தங்களில்தான். மதுசார வகையான எதனோல் −114 பாகை செல்சியஸ் வரை உறையாது, இரசமோ −39இலேயே கட்டியாகிவிடும், ஆகவே துருவக் குளிருக்கு மதுசாரம்தான். ஆனால் எதனோல் 78இல் கொதிக்கும், இரசம் 357இல். கொதிநீரை அளக்கப் போகிறவர் வெறும் எதனோலை நம்ப முடியாது.

இரசம் கண்ணாடியில் ஒட்டாது, வெப்பத்தை விரைவாகக் கடத்தும், சாயமே வேண்டாம். மதுசாரம் சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்கும், ஆனாலும் அதே சூட்டுக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு கூடுதலாக விரிவதால் குழாய் அவ்வளவு மெல்லியதாக இருக்கத் தேவையில்லை.

தண்ணீர் மலிவுதானே என்பீர்கள். அது 0இலிருந்து 4 வரை சுருங்கி, அப்புறம்தான் விரியும். 2 பாகையா 6 பாகையா என்றே தெரியாது!

வீட்டுக்கு என் தெரிவு மதுசாரம். ஏசி போட்டுப் பூட்டிய ஃபிளாட்டில் இரச வெப்பமானி உடைந்தால் அந்த ஆவி நஞ்சு. இரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையும் இரச வெப்பமானி உற்பத்தியை நிறுத்த 2020ஐக் காலக்கெடுவாக வைத்தது.